பூனை விரும்புவது உடையும் பொம்மையை

பினாங்கின் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், பூக்கடைகளில் மாலை கட்டி முடிந்ததும் அஞ்சடி நடைபாதையில் துண்டு நூல்கள் சிதறிக் கிடக்கும். கோப்பிக்கடையில் தே ஓ கட்டித் தரும் பிளாஸ்டிக் பையில் ராஃபியா கயிறு தொங்கும். நாசி லெமாக் பொட்டலத்தை ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கும். சியூ ஜெட்டிப் பக்கம் போனால் தூண்டில் போடுகிறவர்கள் அறுத்தெறிந்த தங்கூசி காலில் சிக்கும். இந்த நகரத்துப் பூனைகளுக்கு விளையாட்டுச் சாமானைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தெருவே கொட்டிக் கொடுக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி பூனையின் வயிற்றுக்குள் போகக்கூடாத பொருள்.

பினாங்குக்குப் பூனைமேல் இருக்கும் பிரியத்தைச் சுவர்களே சொல்லும். 2013ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுன் விழாவின்போது, தெருவில் கைவிடப்பட்ட விலங்குகளுக்காக ஓவியர்கள் சிலர் கூடி, பழைய கடைவீட்டுச் சுவர்களில் பூனைகளை வரைந்தார்கள். ஆ குவீ தெருவில் புரூஸ் லீ பூனைகளை உதைப்பதுபோல ஓர் ஓவியம் உண்டு. உண்மையான புரூஸ் லீ இப்படிச் செய்யமாட்டார் என்பது அதன் சேதி. அந்த ஓவியங்களுக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்ளும் நாம், வீட்டுத் தரையில் கிடக்கும் நூலின்மேலும் ஒரு கண் வைக்க வேண்டும்.

ஒரு பூனைக்கு ஒரு பொம்மை ஏன் பிடிக்கிறது? இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சாரா ஹாலும் ஜான் பிராட்ஷாவும் இதை முறையாக ஆராய்ந்தார்கள். பசித்திருக்கும் பூனை கூடுதல் வேகத்தோடு விளையாடுகிறது என்றும், வயிறு நிறைந்திருக்கும்போது தயங்குகிற பெரிய பொம்மையையும் பசியில் துணிந்து பிடிக்கிறது என்றும் 1998இல் எழுதினார்கள். வளர்ந்த பூனையின் விளையாட்டு பொழுதுபோக்கு இல்லை, அது வேட்டைதான். மூளைக்குள் இரண்டையும் ஓட்டுகிற பொறி ஒன்றே என்று இது காட்டுகிறது.

2002இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் சுவையானது. ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்ப ஆட்டிக் காட்டினார்கள். மூன்றாவது முறைக்குள் பூனைகளுக்குச் சலித்துவிட்டது. களைத்துப் போயின என்றுதானே நினைப்போம்? ஐந்து நிமிடம் பொறுத்து, தோற்றத்தில் மாறுபட்ட வேறொரு பொம்மையைக் காட்டியதும், முதல் பொம்மையிடம் காட்டியதைவிடவும் அதிக வெறியோடு பாய்ந்தன. வேட்டை ஆசை அடங்கவே இல்லை. மாறாத அந்தப் பொருள்தான் சலித்திருக்கிறது. இயற்கையில் பிடிபட்ட எலியோ மைனாவோ மாறிக்கொண்டே இருக்கும். இறகு பிய்யும், தோல் கிழியும், வாடை மாறும். எத்தனை கடித்தாலும் அப்படியே இருக்கும் பொருள், பூனைக்கு வீண் வேலை.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. கடிக்கக் கடிக்கப் பிய்கிற பொம்மை, வேட்டை பலிக்கிறது என்று பூனைக்குச் சொல்கிறது. இறகு உதிரும் பொம்மை, நூல் பிரியும் பந்து, பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கும் துணி எலி இவற்றைப் பூனை விடாமல் பற்றிக்கொள்வதற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். எது அதிகம் பிடிக்கிறதோ, அதுவே முதலில் உடைந்து வாய்க்குள் போகிறது.

அப்படியானால் சில பூனைகள் ஒரே பழைய பொம்மையை ஆண்டுக்கணக்கில் தூக்கிக்கொண்டு திரிவது எப்படி? பூனையின் கன்னத்திலும் பாத விரல்களுக்கு இடையிலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. உரசி, அணைத்து, எச்சில் பட்ட பொம்மையில் அதன் சொந்த வாசனை ஏறிவிடுகிறது. அது வீட்டில் பூனைக்குரிய இடத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. கவ்விக்கொண்டு ராத்திரியில் கத்திக்கொண்டே அலைவதும், சோற்றுத் தட்டருகே கொண்டுபோய்ப் போடுவதும், இரையைத் தன் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு சேர்க்கும் பழக்கத்தின் தொடர்ச்சியாகவே எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பொம்மையைச் சோப்புப் போட்டு அலசிவிட்டால் சில பூனைகள் அதைத் திரும்பியும் பாராமல் போகும். அழுக்காக இருக்கிறது என்று வீசிவிடாதீர்கள். தையல் உறுதியாக இருக்கிறதா, ஒட்டிய பிளாஸ்டிக் கண் ஆடுகிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பாருங்கள். சயாமிய, பர்மிய இனப் பூனைகளில் துணியைச் சப்பிச் சப்பி விழுங்கியே விடும் பழக்கம் அதிகம் காணப்படுகிறது. அவற்றிடம் கம்பளித் துணியைத் தனியே விடக்கூடாது.

நூலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்தவை. உரோமத்தை வார அருமையான கருவி அது. ஆனால் அதில் ஒரு நூல் மாட்டினால் துப்புவது கடினம், உள்ளேதான் போகும். போகிற நூலின் ஒரு முனை நாக்கின் அடியில் சுற்றிக்கொள்ளும், அல்லது இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாயிலில் சிக்கிக்கொள்ளும். மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் அதை முன்னே தள்ளப் பார்க்கும். முனை பிடித்திருப்பதால் நூல் நகராது. நாடாவை இழுத்தால் பாவாடை சுருங்குவதுபோலக் குடலே நூலின்மேல் சுருங்கி ஏறும். இழுபட்ட நூல் குடற்சுவரை அறுத்துவிட்டால் வயிறு முழுக்க நச்சு பரவும். அறுவைச் சிகிச்சை இல்லாமல் பல பூனைகள் பிழைப்பதில்லை. பூத்தொடுக்கும் நூல், ஊசி கோத்த தையல் நூல், தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் தொங்கவிடும் மினுமினுப்புத் தோரணம், முடி கட்டும் ரப்பர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்கவே கூடாது. வெட்டிவிடவும் வேண்டாம். விடாத வாந்தி, சாப்பாட்டை ஒதுக்குதல், எச்சில் வடிதல், கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்குதல் இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஒளிரும் பொம்மைக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினாலும் அப்படியே. அது உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கும்.

அதற்காகக் கயிற்று விளையாட்டையே நிறுத்திவிட வேண்டுமா? வேண்டாம். பாம்பின் வால்போல ஓடும் கயிறு பூனைக்குக் கிடைக்கும் நல்ல வேட்டைகளில் ஒன்று. கோலில் கட்டிய கயிறு நம் கையில் இருக்கட்டும், ஆட்டம் முடிந்ததும் அலமாரிக்குள் போய்விடட்டும். பூனை தேடுகிற மாற்றத்தை நம் கையே தர முடியும். பொம்மையைப் பூனையை நோக்கிக் கொண்டுபோகாதீர்கள், எந்த எலியும் பூனைக்கு எதிரே வராது. விலகி ஓடட்டும், தூணுக்குப் பின்னால் மறையட்டும், அசையாமல் கிடந்து திடீரென்று துள்ளட்டும். பூனைக்கு மூக்கின் அருகே கிடக்கும் பொருள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. மீசையால் தடவித்தான் அறியும். ஆனால் எலிக் குஞ்சுகள் எழுப்பும், நம் காதுக்கு எட்டாத கிறீச்சொலியைக்கூட அது கேட்கும். காகிதத்துக்கு அடியில் குச்சி உரசும் சத்தத்துக்கு அது காதைத் திருப்புவதைப் பார்த்தால் புரியும்.

லேசர் விளக்கை நான் பரிந்துரைக்கமாட்டேன். எத்தனை பாய்ந்தாலும் நகத்தில் ஒன்றும் மாட்டாத வேட்டை அது. லேசர் விளையாட்டு அதிகமாக உள்ள வீடுகளில் பூனைகள் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம் கூடுதலாகச் சொல்லப்படுவதாக 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. அது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை. இருந்தாலும் கடைசியில் கவ்வ ஒரு பொருள் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

விளையாட்டைச் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் வையுங்கள். பசி கூட்டும் வேகம் ஆட்டத்துக்கு உதவும், ஆட்டம் முடிந்ததும் தட்டில் மீன் இருக்கும். இதனால் வெளியே இருக்கும் பறவைகளுக்கும் நன்மை உண்டு. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டப்பட்ட பூனைகள் வீட்டுக்குக் கவ்வி வந்த இரைகள் 25 சதவீதம் குறைந்தன.

வாசனையை மாற்றினாலும் பழைய பொம்மை புதிதாகிவிடும். மேனாட்டில் இதற்குப் பூனைப்புதினாவைப் பயன்படுத்துகிறார்கள். நமக்குக் கால்வாயோரத்துக் குப்பைமேனி போதும். சித்த மருத்துவம் அதைப் பூனைவணங்கி என்கிறது, மலாய்க்காரர்கள் கூச்சிங் காலாக் என்கிறார்கள். இலையிடம் அல்ல, பிடுங்கிய வேரிடம்தான் பூனை உருளும். ஆஸ்திரேலிய வேதியியலாளர்கள் அந்த வேரிலிருந்து பூனையை இழுக்கும் சேர்மங்களைப் பிரித்தெடுத்தார்கள். அவை பூனைப்புதினாவின் சேர்மத்துக்கு நெருங்கிய உறவு. ஆனால் இந்தச் செடியைத் தின்ற, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள மனிதர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்த நிகழ்வுகள் இலங்கையில் பதிவாகியிருக்கின்றன. அதனால் முன்னெச்சரிக்கையாகப் பூனையையும் வேரை மென்று தின்ன விடாதீர்கள். வேரைக் கழுவி, கெட்டியான பருத்தித் துணியில் நெருக்கமாகத் தைத்து, உங்கள் கண்முன்னே உருளவிடுங்கள். சலித்ததும் எடுத்து மூடிவைத்துவிட்டு, அடுத்த வாரம் வெளியே எடுங்கள்.