உங்களுக்குத் தெரியுமா? அந்தக் கேபிளில் ஓடுவது இசை அல்ல!

எலக்ட்ரானிக் கீபோர்டை யுஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டருடன் இணைத்து வாசிக்கும்போது, பெரும்பாலும் அதில் போவது ஒலி அல்ல, வெறும் எண்கள். எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பது போன்ற தகவல்கள் மட்டுமே. நடு 'சி' கட்டைக்கு எண் 60. அழுத்திய வேகத்துக்கு 1 முதல் 127 வரை. அதனால்தான் வாசித்து முடித்த பிறகும் பியானோவைப் புல்லாங்குழலாக்கலாம், தவறிய ஒரே ஒரு ஸ்வரத்தை மட்டும் திருத்தலாம், சுருதியை ஏற்றி இறக்கலாம்.

கருவிகள் இப்படித் தகவல் பரிமாறிக்கொள்ளும் பொது ஏற்பாட்டின் பெயர் மிடி (MIDI). 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600 சின்தசைசரையும் ஜப்பானின் ரோலண்ட் தயாரித்த ஜூபிடர்-6 சின்தசைசரையும் மிடி மூலம் இணைத்துக் காட்டினார்கள். போட்டியாளர்கள் தங்கள் கருவிகளை ஒன்றோடொன்று பேசவிட்டது உண்மையிலேயே பெருந்தன்மை. இந்த முயற்சியை முன்னின்று நடத்திய சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித், ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷி இருவரும் 2013-ல் தொழில்நுட்ப கிராமி விருது பெற்றார்கள்.

கம்ப்யூட்டருடன் இணைத்து வாசிக்கும்போது, கட்டையை அழுத்திச் சற்று நேரம் கழித்து ஒலி வருகிறதா? பெரும்பாலும் கேபிள் மேல் குற்றமில்லை. இசை மென்பொருளின் ஆடியோ செட்டிங்கில் 'பஃபர்' (ஒலித் தரவைத் தற்காலிகமாகத் தேக்கும் இடம்) அளவைக் குறையுங்கள். விண்டோஸ் என்றால் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ (ASIO) டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். பஃபரை அளவுக்கு மீறிக் குறைத்தால் ஒலி கரகரக்கும்.