சுரண்டி எடுத்த ஒரு துணுக்கு

2023 மார்ச் 31 நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் ஒரே கேள்விதான் வேறுவேறு நகைகளை மாட்டிக்கொண்டு வந்தது. பாட்டி கொடுத்த அட்டிகை, 2009-ல் எடுத்த தாலிக்கொடி, அடகில் கிடக்கும் வளையல்: இவையெல்லாம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து செல்லாதா? செல்லும். உத்தரவு விற்கிற கடைக்காரருக்கு, போட்டுக்கொண்டிருக்கிறவருக்கு அல்ல. 2023 ஏப்ரல் 1 முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி (ஹால்மார்க் தனி அடையாள எண்) குறி இல்லாத தங்க நகையைக் கடையில் விற்கக் கூடாது. முத்திரையே இல்லாத பழைய நகையை நீங்கள் விற்கலாம், மாற்றலாம், கடைக்காரரும் வாங்கலாம். மாமியாரிடம் சொல்லிவிடுங்கள்.

இத்தனை கடிதங்களில் ஒருவரும் கேட்காதது ஒன்று உண்டு. அந்த ஆறு இலக்கத்தைப் பொறிப்பதற்கு முன்னால் நகைக்கு உள்ளே தங்கம் எவ்வளவு என்று யார், எப்படிப் பார்க்கிறார்கள்?

மூன்றாம் தரப்பு சோதிக்கிறது என்கிறது அரசு. அந்த மூன்றாம் தரப்பு, பி.ஐ.எஸ் எனப்படும் இந்திய தர நிர்ணய அமைவனத்திடம் அங்கீகாரம் வாங்கிய தனியார் ஹால்மார்க் மையம். எந்த மையத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்பவர் நகைக்கடைக்காரர். ஒரு நகைக்கு 45 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும் கட்டுபவரும் அவரே. இதைச் சுயேச்சை என்று சொல்லலாம். அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்விக்குறியோடு.

மையத்துக்குள் நகை முதலில் எக்ஸ்ரே கருவிக்குப் போகிறது. பெரிய கடைகளில் மேசைமேல் வைத்துக்கொண்டு, திரையில் 91.6 என்று காட்டுகிறார்களே, அந்தப் பெட்டிதான். வேகமானது, நகைக்குச் சேதமில்லாதது. ஆனால் அது பார்ப்பது தோலை மட்டும். மேற்பரப்புக்குக் கீழே மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு ஆழத்துக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. தடிமனாக முலாம் பூசிய செம்பும் அதன் முன்னால் தங்கம்தான். அதனால் கடைசி வார்த்தை நெருப்புக்கு.

இந்த நெருப்புச் சோதனை பல நூற்றாண்டுப் பழையது. இன்றும் இதைவிட நம்பகமான முறை வரவில்லை. நகையிலிருந்து கால் கிராம் அளவில் சுரண்டியோ வெட்டியோ எடுத்து நிறுக்கிறார்கள். அதோடு, அதில் இருக்கும் தங்கத்தைப் போல இரண்டரை மடங்கு சுத்த வெள்ளியைச் சேர்க்கிறார்கள். இரண்டையும் ஈயத் தகட்டில் பொட்டலமாக மடித்து, மக்னீசியாவில் செய்த ஒரு சிறு கிண்ணத்தில் வைத்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேறிய உலைக்குள் தள்ளுகிறார்கள். ஈயம் உருகி, காற்றோடு சேர்ந்து ஈய ஆக்சைடு ஆகிறது. ஆகும்போது நகையில் கலந்திருந்த செம்பையும் துத்தநாகத்தையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிண்ணத்தின் சுவருக்குள் இறங்கிவிடுகிறது. கிண்ணம் எல்லாவற்றையும் குடித்துவிடும். காற்றுக்கு மசியாத தங்கமும் வெள்ளியும் மட்டும் ஒரு சின்ன மணியாக உருண்டு நிற்கும்.

அந்த மணியை அடித்துத் தட்டி, தகடாக்கி, பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைக்கிறார்கள். வெள்ளி கரைந்து போகிறது. தங்கம் கரைவதில்லை. மிஞ்சும் சுருளைக் கழுவிக் காய்ச்சி நிறுத்தால், கால் கிராமில் தங்கம் எவ்வளவு என்று ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் நுணுக்கமாகத் தெரிந்துவிடும்.

எனக்குப் பிடித்த இடம் அந்த இரண்டரை மடங்கு. கரைத்து வெளியேற்றப்போகிற வெள்ளியை எதற்காகக் காசு கொடுத்து உள்ளே சேர்க்க வேண்டும்? நகையில் ஏற்கெனவே கொஞ்சம் வெள்ளி இருக்கலாம். அது குறைவாக இருந்தால் தங்கம் அதைச் சுற்றிக் கோட்டை கட்டிக்கொள்ளும். அமிலம் நுழைய வழியில்லை. அந்த வெள்ளியும் தங்கத்தின் கணக்கில் ஏறிவிடும். வெளியிலிருந்து வெள்ளியைச் சேர்த்தால் கோட்டைக்குள் தெருக்கள் விழுகின்றன. அளவு மீறிச் சேர்த்தாலோ தங்கம் பொடியாக உதிர்ந்து, நிறுக்க முடியாமல் போகும். ஒளிந்திருக்கும் வெள்ளியைப் பிடிக்க வெள்ளியையே உளவுக்கு அனுப்புகிறார்கள். உலையில் பக்கத்துக் கிண்ணத்தில் எடை தெரிந்த சொக்கத் தங்கமும் இதே பாடு பட்டுக்கொண்டிருக்கும். அதன் எடையில் ஏற்படும் மாற்றத்தை வைத்து, உலை செய்த பிழையை விடையில் திருத்திக்கொள்கிறார்கள். உரைகல்லில் தேய்த்துப் பத்தரை மாற்று என்று கண்ணால் சொன்ன காலத்தோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். சங்கப் புலவர் பெயர்களில் வரும் வண்ணக்கன் காசு நோட்டம் பார்த்த தொழில்காரர். அவருக்கு இந்தத் தராசைக் காட்ட ஆசை.

சிக்கல் இந்தச் சோதனையில் இல்லை. இந்தச் சோதனை நகையைத் தின்றுவிடுகிறது என்பதில் இருக்கிறது. ஒவ்வொரு தோட்டிலும் கால் கிராம் சுரண்டினால் தோடு ஏது? ஆகவே கடையிலிருந்து பெட்டியாக வரும் தொகுப்பில் சிலவற்றில் மட்டும் சுரண்டுகிறார்கள். தேறினால் மற்றவற்றுக்கும் அதே முத்திரை. தவறினால் தொகுப்பே திரும்பும். உங்கள் கையில் இருக்கும் 22கே916 வளையல் நெருப்பைப் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. அதன் தங்கையோ ஒன்றுவிட்ட அக்காவோ பார்த்திருக்கலாம். நாளொன்றுக்கு மூன்று லட்சம் நகைகளுக்கு மேல் ஹால்மார்க் ஆகின்றன என்று 2023-ல் அரசு பெருமையாகச் சொன்னது. அந்த வேகத்தில், எதைச் சுரண்டுவது என்று தேர்ந்தெடுக்கும் கை யாருடையது என்பதில்தான் முழு நம்பிக்கையும் தொங்குகிறது.

இங்கிலாந்தின் பர்மிங்காம், ஷெஃபீல்டு சோதனைக் கூடங்கள் 1773-ல் சட்டத்தால் உருவானபோது இதே சந்தேகம் அங்கே இருந்தது. சுரண்டிய துகளில் ஒரு பங்கைப் பூட்டிய பெட்டியில் சேர்த்து வைத்து, அரச நாணயச் சாலைக்கு அனுப்பி, சோதித்தவரையே சோதித்தார்கள். நம் பி.ஐ.எஸ்-சும் கடைகளிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்கிறது. ஆனால் பி.ஐ.எஸ் கேர் செயலியில் ஆறு இலக்கத்தைத் தட்டினால் கடையின் பெயர், மையத்தின் பெயர், நகையின் வகை, தரம், தேதி வருகின்றன. அந்த மையம் முத்திரையிட்டவை மறுசோதனையில் எத்தனை முறை தவறின என்பது வருவதில்லை. 2023-ல் நகையின் எடையும் வரவில்லை. ஆறு இலக்கம் உண்மையானது என்று செயலி சொல்லும்; நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் மோதிரத்துக்குரியதுதானா என்று அதற்குத் தெரியாது. ஒரு நல்ல மோதிரத்தின் எண்ணை மட்டமான இன்னொரு மோதிரத்தில் பொறித்தாலும் திரையில் 'மோதிரம்' என்றே வரும். எச்.யூ.ஐ.டி-யை எதிர்த்து 2021 ஆகஸ்ட் 23 அன்று கடையடைத்த நகைக்கடைக்காரர்கள் தங்கள் வேலைப்பளுவைப் பற்றித்தான் பேசினார்கள். இந்த ஓட்டையைப் பற்றி அல்ல.

சந்தேகம் வந்தால் நீங்களே மையத்துக்குப் போகலாம். நான்கு நகைகள் வரை 200 ரூபாய். அதற்கு மேல் நகைக்கு 45. முத்திரையில் உள்ளதைவிடத் தரம் குறைந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பில் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடைக்காரர் தர வேண்டும் என்பது 2018-ன் விதி. ஒரு பவுன் சங்கிலி 916-க்குப் பதில் 900 வந்தால் குறைவு 0.128 கிராம். சொக்கத் தங்கம் 2023-ல் இருந்ததுபோல் கிராம் ஏறக்குறைய 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 768; இரு மடங்கு 1,536 ரூபாய். இதற்காக எத்தனை பேர் சங்கிலியைச் சுரண்டக் கொடுப்பார்கள் என்பது வேறு கதை.

மீதிக் கடிதங்களுக்கு:

இரண்டு கிராமுக்குக் குறைந்த மூக்குத்தி? விலக்கு.

பழைய நான்கு முத்திரை நகை? உங்கள் பெட்டியில் இருந்தால் கவலை இல்லை. கடைப் பெட்டியில் இருந்தால் புது எண் வேண்டும்.

தெருமுனைச் சின்னக் கடை? ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் என்றால் கட்டாயமில்லை.

எல்லா ஊரிலுமா? 2023 ஏப்ரலில் 288 மாவட்டங்களில்.

எந்தெந்தத் தரத்துக்கு? 2023-ல் 14, 18, 20, 22, 23, 24 காரட்.

கல், சேதாரம், செய்கூலி? முத்திரைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

கே.டி.எம் என்று ரசீதில் இருக்கிறதே? அது காட்மியம் கலந்த பற்று. தரச் சான்று அல்ல. ஊதிப் பற்றவைத்த ஆசாரிகளின் நுரையீரலுக்குத்தான் அது கேடாக முடிந்தது.

வெள்ளிக் கொலுசு? கட்டாயமில்லை.

தேதி தள்ளிப்போனதுண்டா? ஹால்மார்க் கட்டாயமானதே 2021 ஜனவரி 15-லிருந்து ஜூன் 1-க்கும், பிறகு ஜூன் நடுவுக்கும் தள்ளிப்போய்த்தான்.