கொம்பன் போகும் பாதை

கொம்பன் சுறாவை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். சுத்தியலை மாட்டி வைத்ததுபோல இருபுறமும் நீண்ட தலை, அதன் இரண்டு ஓரங்களிலும் கண்கள். தலையின் அடிப்பக்கம் முழுக்கப் பொடித் துளைகள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கையின் உடலில் எழும் மின்துடிப்பைக்கூட அவை பிடித்துவிடும்.

இந்தச் சுறா இருட்டில் வழி தவறுவதில்லை. 1980களில் கலிஃபோர்னியா வளைகுடாவில் பீட்டர் கிளிம்லி என்ற விஞ்ஞானி அதைப் பின்தொடர்ந்து பார்த்தார். பகலெல்லாம் கடலடி மலை ஒன்றின் மேல் கூட்டமாகச் சுற்றும். இரவில் இரைதேடித் தொலைவுக்குப் போகும். விடிவதற்குள் அதே மலைக்குத் திரும்பிவிடும். கடலடிப் பாறைகளின் காந்தத் தன்மையில் உள்ள ஏற்ற இறக்கங்களை ஒற்றையடிப் பாதைபோல அது படிக்கிறது என்பது அவருடைய விளக்கம்.

அப்படியொரு பெரும்பாதை கிழக்குப் பசிபிக்கில் இருக்கிறது. ஈக்வடாருக்குச் சொந்தமான கலாபகஸ் தீவுகளுக்கும் கோஸ்டா ரிக்காவின் கோகோஸ் தீவுக்கும் இடையே சுமார் 700 கிலோமீட்டர். நடுவே கடலடி மலைகளின் தொடர். சுறாவின் உடலில் ஒலிக்கருவி பொருத்தி அனுப்பினார்கள். ஒரு தீவில் பொருத்தியதை இன்னொரு தீவின் கடலடியில் இருந்த ஏற்பி பதிவு செய்தது. இரண்டு தீவுகளும் பாதுகாக்கப்பட்டவை. இடைப்பட்ட கடலிலோ, நம் கரையில் ஆயிரங்கால் தூண்டில் என்பார்களே, அதைக் கிலோமீட்டர் கணக்கில் விரித்திருந்தார்கள். வீட்டைச் சுற்றி வேலி கட்டிவிட்டுத் தெருவில் நாயை அவிழ்த்துவிட்ட கதைதான்.

அந்தப் பகுதிக் கடலோ நான்கு நாடுகளுக்குப் பொது. அதைக் காக்க ஈக்வடார், கோஸ்டா ரிக்கா, கொலம்பியா, பனாமா நான்கும் 2004இலேயே கைகோத்தன. ஆனால் கடலில் காப்பக எல்லைக் கோடு போட அவசரம் வரவில்லை. 2017இல் கலாபகஸ் காப்பகத்துக்குள் பிடிபட்ட சீனக் கப்பலில் ஆயிரக்கணக்கான சுறாக்கள் கிடந்தன. மாலுமிகளுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2020இல் ஹாங்காங் சுங்கத்துறை 26 டன் சுறாத் துடுப்பைப் பறிமுதல் செய்தது. பெரும்பாலும் கசாப்புச் சுறா, பட்டுச் சுறா வகைகள். அனுப்பிய நாடு ஈக்வடார். பிறர் கப்பலைப் பிடித்த நாட்டின் துறைமுகத்திலிருந்தே சரக்கும் போயிருக்கிறது. கொம்பன் உள்ளிட்ட சில சுறாக்களின் வணிகத்துக்கு அனுமதிச்சீட்டு வேண்டும் என 2013இல் பாங்காக்கில் உலக நாடுகள் வாக்களித்திருந்தும், எல்லைச் சோதனை பலமாக இருந்தால்தானே சீட்டுக்கு மதிப்பு?

2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் நான்கு அதிபர்களும் காப்பகங்களை இணைப்பதாக அறிவித்தார்கள். டிசம்பரில் கோஸ்டா ரிக்கா கோகோஸ் பூங்காவைப் பல மடங்கு விரித்தது. 2022 ஜனவரியில் ஈக்வடார் 60,000 சதுர கிலோமீட்டர் கடலை ஒதுக்கியது; தமிழ்நாட்டில் ஏறக்குறையப் பாதிப் பரப்பு. அதில் பாதியில் மீன்பிடிக்கவே கூடாது, மறுபாதியில் ஆயிரங்காலுக்கு மட்டும் தடை. பெயர் 'ஹெர்மன்டாட்', அதாவது சகோதரத்துவம். மீன்பிடித் தொழிலோடு பேரம் பேசிக் கிடைத்த கோடு என்பது அந்தப் பாதிக் கணக்கிலேயே தெரிகிறது. எனக்கு அதில் குறையில்லை. பேரம் பேசாமல் போட்ட கோடு கடலில் நிற்பதில்லை.

பாதை இதோடு முடியவில்லை. சினையான பெண் கொம்பன் தீவை விட்டுக் கரைக்கு வருகிறது, அலையாத்திக் காட்டோரக் கலங்கல் நீரில் குட்டி போட. கோஸ்டா ரிக்காவின் கோல்ஃபோ துல்சே வளைகுடாவில் அப்படியொரு தொட்டிலைக் கண்டுபிடித்து, 2018இல் காப்பிடமாக அறிவித்தார்கள். இதே கரை நெடுக இன்னும் பல கழிமுகங்களில், சின்னப் படகுகளின் செவுள்வலையில், முழநீளக் கொம்பன் குட்டிகள் மாட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.