எலும்புப் பிடி மடக்குக் கத்திகள்

சட்டைப் பையில் அடங்கும் சிறு கருவியே எனினும், தான் பிறந்த ஊரையும் வருஷத்தையும் தன் உடம்பிலேயே பொறித்து வைத்திருக்கும் விசேஷம் பழைய மடக்குக் கத்திக்கு உண்டு. அமெரிக்காவில், பென்ஸில்வேனியா மாகாணத்துப் பிராட்போர்டு நகரில் 1905 முதல் தொழில் நடத்திவரும் கேஸ் ஸ்தாபனத்தாரின் எலும்புப் பிடிக் கத்திகளை இதற்குச் சிறந்த உதாரணமாகக் கொள்ளலாம்.

கத்தியின் முதுகு நெடுகிலும் அமைந்த எஃகு வில், அலகின் அடிப்பாகத்தை எந்நேரமும் அழுத்திக்கொண்டிருப்பதால், விரித்தாலும் மடக்கினாலும் அலகு தன் நிலையில் நிற்கிறது. தனிப் பூட்டு கிடையாது. பழுதற்ற கத்தியில் அலகு சீராக நகர்ந்து, முடிவில் ‘டக்’கென்று அமரும். இவ்விரண்டையும் சேகரிப்பாளர்கள் கத்தியின் ‘நடை’, ‘பேச்சு’ என்று குறிப்பிட்டு, வாங்குமுன் சோதிக்கிறார்கள்.

பிடிக்கு உபயோகமாவது மாட்டின் கால் எலும்பு. கொழுப்பு நீக்கி உலர்த்திய எலும்பைப் பட்டைகளாக அறுத்து, மேற்பரப்பில் சிறு பள்ளங்கள் செதுக்கிச் சாயம் ஏற்றுவர். மான் கொம்பின் சொரசொரப்பை மலிவான பொருளில் வருவிக்க எழுந்த இவ்வேலைப்பாடு, பிடி கையில் வழுக்காமலிருக்கவும் உதவிற்று. எலும்பின் நெருக்கம் இடத்துக்கிடம் வேறுபடுவதால் சாயம் ஓரிடத்தில் ஆழ்ந்தும் மற்றோரிடத்தில் மெலிந்தும் பற்றுகிறது. ஆதலால், ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற இரு கத்திகளும் வர்ணத்தில் ஒன்றாயிருப்பதில்லை. பூதக்கண்ணாடியில் தெரியும் நுண்துளைகள், பிளாஸ்டிக் பிடியினின்றும் உண்மை எலும்பைப் பிரித்துக் காட்டும்.

வயதை அறிய அலகின் அடியிலுள்ள முத்திரையைப் பார்க்கவேண்டும். 1940 முதல் 1964 வரை ‘கேஸ் எக்ஸ் எக்ஸ்’ என்று மட்டும் இருந்த முத்திரையில் 1965இல் ‘யு.எஸ்.ஏ.’ சேர்ந்தது; 1970இல் அதன் கீழ்ப் பத்துப் புள்ளிகள் இட்டு, வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்துவந்தமையால், 1979இல் ஒரு புள்ளியே எஞ்சிற்று. அலகின் அடியில் பொறித்த எண்ணுக்கும் பொருளுண்டு: 6347 என்பதில் 6 எலும்புப் பிடியையும், 3 அலகுகளின் தொகையையும், 47 வடிவத்தையும் தெரிவிக்கின்றன.

இத்தனை சாட்சியங்களையும் ஒரு நாழிகையில் அழித்துவிட வல்லது, பளபளப்பாக்கும் ஆசை. துருவைப் போக்குவதாக நினைத்துச் சக்கரத்தில் பிடித்தால் முத்திரை தேயும். ஓயாமல் தீட்டினால் அலகு மெலியும். தோலுறையில் நெடுநாள் வைப்பதும், பழைய செல்லுலாயிடு பிடிக் கத்திகளோடு ஒரே பெட்டியில் பூட்டுவதும் எஃகை அரிக்கச் செய்யும். இழந்த உலோகம் திரும்ப வராது. ஆகையால், இத்தகைய கத்தியொன்று உங்கள் கைக்கு வந்தால், உலர்ந்த துணியால் துடைத்து, அலகில் மெல்லெனச் சிறிது எண்ணெய் தடவி, வந்தபடியே வைத்துக் காப்பாற்றுங்கள்.