அப்பாவுக்கு வராத எலெக்‌ஷன்

எங்க அம்பத்தூர் நகராட்சியாக இருந்தபோது வார்டு என்பது சில தெருக்கள்தான். தெருவிளக்கு எரியலையா? அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். கவுன்சிலர் டீக்கடையிலேயே மாட்டுவார்!

2011-ல் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகள் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. மொத்தம் 200 வார்டு. அதில் புதுசாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93. வார்டு பெரிசாச்சு, கவுன்சிலர் தூரமானார். "நாமளும் மெட்ராஸ்டா!" என்று அப்பாவுக்கு மட்டும் குஷி. மேயருக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று என இரண்டு ஓட்டுப் போட்டார்.

2016-ல் அடுத்த தேர்தல். மனுத்தாக்கல் முடிந்த நேரத்தில், பழங்குடியினர் இடஒதுக்கீடு வழக்கில் ஹைகோர்ட் ரத்து செய்தது. அப்புறம் வார்டு மறுவரையறை, கொரோனா... ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது! "நம்ம எலெக்‌ஷன் எப்படா?" என்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா, 2020-ல் போய்விட்டார்.

2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை. லீவாச்சே! போர்வைக்குள் இருந்தேன்.

"அவர் இருந்தா ஏழு மணிக்கே போய் நின்னிருப்பார்" என்றாள் அம்மா.

எழுந்து போனேன். இந்த முறை ஒரே ஓட்டுதான். மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பார்களாம். பூத்தில் க்யூவே இல்லை. அன்று சென்னையில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை.

போர்வைக்குள் இருந்த மீதிப் பேரே... தெருவிளக்கு எரியலைன்னா யாரைக் கேட்பீங்க சார்?