பதவியின் பெயர் பேசாது; செய்த வேலை பேசும்!

வாலிபர் ஒருவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார். எம்.பி.ஏ. படிப்புக்கு மனுப் போட வேண்டும். பெயர், வயது, மார்க்கு எல்லாம் எழுதியாகிவிட்டது.

அடுத்த கேள்வி: "இதுவரை என்ன வேலை செய்தீர்கள்?"

வாலிபரின் கை நின்றுவிடுகிறது. 'நான் செய்தது என்ன பெரிய வேலை?' என்று மலைக்கிறார்.

இந்த மலைப்பு பலருக்கும் வருவதுதான்.

ஏன் கேட்கிறார்கள்?

அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908-ல் தொடங்கியது. எம்.பி.ஏ. படிப்பை உலகில் முதலில் கொண்டுவந்தது அதுதான்.

அங்கே ஆசிரியர் மட்டும் பேசிப் பாடம் நடத்துவது இல்லை. ஒரு கம்பெனிக்கு நேர்ந்த சிக்கலை எழுதிக் கொடுப்பார்கள். "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். வகுப்பில் சுமார் 90 பேர். கப்பல் கம்பெனியில் இருந்தவர் ஒன்று சொல்வார். பாங்கியில் இருந்தவர் வேறொன்று சொல்வார். ஒருவர் அனுபவம் மற்றவருக்குப் பாடம்!

ஆமதாபாத்தில் ஐ.ஐ.எம். 1961-ல் ஏற்பட்டது. ஹார்வர்டு பள்ளி அதற்குத் துணை நின்றது. வேலை பார்த்தவர்களுக்கென்றே 2006-ல் அங்கு ஓராண்டுப் படிப்பும் வந்தது.

ஆகவே, மனுவைப் படிப்பவர்கள் பதவியின் பெயரை மட்டும் பார்ப்பது இல்லை. "இவர் வகுப்புக்கு எதைக் கொண்டுவருவார்?" என்று பார்க்கிறார்கள்.

ஒரே வேலை, இரண்டு மனு

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலை. அங்கே சரக்கு அனுப்பும் பிரிவில் அந்த வாலிபர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் இப்படி எழுதுகிறார்:

"சரக்குப் பிரிவின் பொறுப்பாளராக இருந்தேன். குழுவுடன் சேர்ந்து திறமையாக உழைத்தேன்."

இதில் என்ன தெரிகிறது? ஒன்றும் தெரியவில்லை! யார் வேண்டுமானாலும் இதை எழுதலாம்.

அவரே இப்படியும் எழுதலாம்:

"காலையில் வந்த லாரிகள் 6 மணி நேரம் காத்துக் கிடந்தன. டிரைவர்கள் தினமும் சண்டை போட்டார்கள். நான் ஒரு வாரம் கேட்டில் நின்று நேரத்தைக் குறித்தேன். சரக்கு தயாராக இருந்தது. பில் தயாராக இல்லை. முதல் நாள் மாலையே பில் போட்டுவிடலாம் என்றேன். கணக்குப் பிரிவினர் ஒப்பவில்லை. அவர்களுடன் உட்கார்ந்து பேசி, வேலை நேரம் கூடாமல் ஒரு வழி கண்டேன். 2 மாதத்தில் 6 மணி, 2 மணியாகக் குறைந்தது."

இப்போது ஆள் தெரிகிறார் அல்லவா? சிக்கல் என்ன, அவர் செய்தது என்ன, வந்த தடை என்ன, கிடைத்த பலன் என்ன? நான்கும் இதில் இருக்கின்றன.

கூச்சம் வேண்டாம், பொய்யும் வேண்டாம்

தன்னைப் பற்றித் தானே பேசக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லி வளர்ப்பார்கள். அதனால் "நாங்கள் செய்தோம்" என்று எழுதப் பலருக்கும் கை போகிறது. அதில் இவர் பங்கு எது? அதற்குத்தான் "நான்" வேண்டும்.

ஆனால் பிறர் செய்ததைத் தன்னுடையதாக எழுதக் கூடாது. பில்லை முந்திப் போடும் யோசனையை ஒரு சுமை தூக்கும் தொழிலாளி சொல்லியிருந்தால்? அதையும் எழுத வேண்டும்! தொழிலாளியின் சொல்லுக்குக் காது கொடுப்பவர் என்ற நல்ல பெயர் அதனால் கிடைக்கும்.

மேலதிகாரியின் கடிதமும் மனுவுடன் போகிறது. சொன்னது மெய்தானா என்று பல பள்ளிகள் விசாரிக்கின்றன. பொய் வெளிப்பட்டால், கிடைத்த இடமும் போய்விடும்.

அப்பாவின் மளிகைக் கடையைப் பார்த்துக்கொண்டவரும் வெட்கப்பட வேண்டாம். கடன் நோட்டில் எவ்வளவு பாக்கி இருந்தது? வாடிக்கையாளர் மனம் நோகாமல் எப்படி வசூலித்தார்? அதுவும் அனுபவம்தான்.

அம்மா வைக்கும் பரீட்சை

மனுவை அனுப்புமுன் ஒரு காரியம் செய்யலாம். எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டலாம்.

அம்மா பேசாமல் கேட்டுவிட்டு, "நல்லா இருக்குப்பா" என்று எழுந்து போனால், திருப்பி எழுத வேண்டும்.

"லாரிக்காரங்க அப்புறம் சண்டை போடலையா?" என்று கேட்டால், மனு தேறிவிட்டது!