நூறு கோடி டாலரும் ஒரு ‘அல்லது’வும்

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போகும் அப்பாக்களுக்கு அங்கே மொத்தமே மூன்று வேலைதான். டிஷ்வாஷரில் பாத்திரம் அடுக்குவது, அடுக்கியது தப்பு என்று திட்டு வாங்குவது, வாக்கிங் போய் வழி தெரியாமல் முழிப்பது. 2025 ஏப்ரலில் சியாட்டில் போய் இறங்கிய எனக்கு நாலாவதாக ஒரு வேலை காத்திருந்தது. ஃபைல் பார்ப்பது!

முப்பத்துமூன்று வருஷம் அரசாங்க வேலையில் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். அதில் பாதி மானிய ஃபைல்கள். பணம் வந்ததா, செலவானதா, யூட்டிலைசேஷன் சர்டிபிகேட் எங்கே என்று ஊர் ஊராகக் கடுதாசி போட்டே தலை நரைத்துவிட்டது. ரிடையரான அன்றைக்கு இனி விதி என்ற வார்த்தையை ஜோசியர் வாயால்தான் கேட்பது என்று சபதம் போட்டிருந்தேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம். உள்ளே வந்த மகள் கார் சாவியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“அப்பா, நீங்க கிராண்ட் ஃபைல்தானே பார்த்துட்டிருந்தீங்க? இதைப் படிச்சுட்டு என்ன அர்த்தம்னு சொல்லுங்களேன்.”

“ஏங்க, இங்க வந்தும் ஃபைலா?” என்று என் மனைவி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் அவளும் அடங்கிவிட்டாள்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். என் மகள் பதினைந்து வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். கை நிறையச் சம்பளம். திடீரென்று ஒரு நாள், “வேலையை விட்டுட்டேன், ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் ஆகப் படிக்கப் போறேன்” என்று போனில் சொன்னாள். “பசங்களோட மனசைப் படிக்க ஒரு படிப்பா? எங்க காலத்துல பிரம்பு ஒண்ணுதான் சைக்காலஜி” என்றேன். “அதான் உங்களுக்கெல்லாம் இன்னிக்கும் கனவுல கணக்குப் பரீட்சை வருது” என்றாள். என்ன பதில் சொல்ல? எனக்கு நிஜமாகவே வருகிறது.

போய்ப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அங்கே பள்ளிக்கூடத்தில் மனநலம் பார்க்க மூன்று வகை ஆட்கள். கவுன்சலர், சோஷியல் ஒர்க்கர், சைக்காலஜிஸ்ட். படிப்பில் ஒரு பையன் ஏன் திணறுகிறான், ஒரு பெண் ஏன் வாயே திறப்பதில்லை என்று சோதித்துக் கண்டுபிடித்து, ஆசிரியருக்கும் அம்மா அப்பாவுக்கும் வழி சொல்வது சைக்காலஜிஸ்ட் வேலை. 500 பிள்ளைகளுக்கு ஒருவர் வேண்டும் என்று அவர்களுடைய தேசிய சங்கம் சொல்கிறது. நாடு முழுவதும் சராசரி எடுத்தால் ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல் ஒருவர் தலையில் விழுகிறது.

ஆள் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. டிகிரி முடித்த பிறகு மேற்கொண்டு சுமார் மூன்று வருஷப் படிப்பு. 60 கிரெடிட். கடைசியில் 1,200 மணி நேரம் இன்டர்ன்ஷிப். அதில் பாதி, 600 மணி நேரமாவது, பள்ளிக்கூடத்திலேயே செய்தாக வேண்டும். முழு நேர வேலை மாதிரி ஒரு வருஷம் உழைக்கிற இதற்குச் சம்பளம் கிடைத்தால் அதிர்ஷ்டம். வசதி இல்லாதவர்கள் எப்படி வருவார்கள்?

இரண்டாவது வருஷத்தில் இருந்த மகளைப் பயிற்சிக்காக ஓர் ஆரம்பப் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். வகுப்புக்கு வந்ததும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். மதியம் வரைக்கும் வெளியே வர மாட்டான். பேர் கேட்டேன். “பேரெல்லாம் சொல்லக்கூடாதுப்பா” என்றுவிட்டாள். அதனால் எங்கள் வீட்டில் அவன் பேர் ‘மேஜைக்காரன்’. வாரத்தில் இரண்டு நாள் இவளும் போய் அந்த மேஜைக்கு அடியிலேயே உட்கார்ந்துகொள்வாளாம். பேசுவதில்லை, சும்மா படம் வரைவது. இதற்கா இத்தனை படிப்பு என்று எனக்குத் தோன்றியது வாஸ்தவம். ஏழாவது வாரம் அவனே ஒரு பென்சிலை எடுத்து இவளிடம் நீட்டினானாம். அதை அன்றைக்கு ராத்திரி அவள் சொன்ன விதத்தைப் பார்த்தபின் நான் வாயைத் திறக்கவில்லை.

இனி பணத்துக்கு வருவோம். 2022 மே 24 அன்று டெக்ஸாஸ் மாநிலத்தில் உவால்டே என்ற ஊரின் ஆரம்பப் பள்ளிக்குள் துப்பாக்கியோடு ஒருவன் புகுந்தான். 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் செத்துப்போனார்கள். எலியும் பூனையுமாக இருக்கும் இரண்டு கட்சிகளும் ஒரு மாதத்தில் சேர்ந்து ஒரு சட்டம் போட்டன. ஜூன் 25 அன்று ஜனாதிபதி பைடன் கையெழுத்துப் போட்டார். பள்ளி மனநலத்துக்கென்று அதில் நூறு கோடி டாலர், ஐந்து வருஷத்துக்கு. பாதி ஆள் பயிற்சிக்கு, பாதி ஆட்களை வேலைக்கு வைக்க.

என் மகள் சேர்ந்த பல்கலைக்கழகத்துக்கு (பெயர் வேண்டாம்) பயிற்சிப் பணம் கிடைத்திருந்தது. பக்கத்துப் பள்ளி மாவட்டத்தோடு கூட்டு. படிப்புச் செலவில் ஒரு பங்கு, இன்டர்ன்ஷிப் வருஷத்தில் மாதா மாதம் உதவித்தொகை. பதிலுக்கு, ஆள் பற்றாக்குறை உள்ள பள்ளியில் வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

ராத்திரி பூரா உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். சும்மா சொல்லக்கூடாது, பல விஷயங்களில் பேஷ்! உதாரணமாக, பயிற்சிக்கு மானியம் வாங்கும் பல்கலைக்கழகம் கரண்ட், கட்டிடம், கிளார்க் என்று மேல்செலவுக் கணக்கு எழுதுவது 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அங்கே கல்வித்துறையில் பொது விதி இருக்கிறது. இந்த ஒரு விதி என் சர்வீஸில் என் கையில் இருந்திருந்தால் எத்தனை ஏர் கண்டிஷனர்களை நிறுத்தியிருப்பேன்!

விடியற்காலை மூன்று மணிக்குத்தான் நான் தேடியது கிடைத்தது. திட்டம் ஐந்து வருஷம். ஆனால் பணம் வருஷா வருஷம். அடுத்த வருஷப் பணம் வர நிபந்தனைகள் உண்டு. நாடாளுமன்றம் நிதி ஒதுக்கியிருக்க வேண்டும், வேலையில் முன்னேற்றம் தெரிய வேண்டும், அறிக்கை அனுப்பியிருக்க வேண்டும். இதெல்லாம் நியாயம். கடைசியில் ஒன்று: தொடர்ந்து பணம் கொடுப்பது மத்திய அரசின் நலனுக்கு உகந்ததாக இருக்க வேண்டும்.

அதற்கு என்ன அர்த்தம்? நாற்காலியில் இருப்பவர் என்ன நினைக்கிறாரோ, அதுவா அர்த்தம்?

2025 ஏப்ரல் 29 தேதியிட்ட கடிதம் அந்த விதியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. இவர்களுக்கு மட்டுமல்ல, நாடு முழுக்கப் பல திட்டங்களுக்கு. நூறு கோடி டாலர் மானியங்கள் மேற்கொண்டு தொடராது. காரணம்? சிவில் உரிமைச் சட்டத்துக்கு முரண், அல்லது தகுதி, நியாயம், சிறப்பு என்ற துறையின் கொள்கைக்கு முரண், அல்லது மாணவர் நலனுக்குக் கேடு, அல்லது மத்திய அரசின் பணத்தைத் தப்பாகச் செலவழிப்பது. இந்த ‘அல்லது’க்களில் இவர்களுக்குப் பொருந்துவது எது என்று கடிதத்தில் இல்லை.

“எது தப்புன்னு சொல்லாம நான் ஒரு ஆட்சேபணை எழுதியிருந்தா என் ஆபீசர் ஃபைலைத் தூக்கி என் மேலேயே எறிஞ்சிருப்பார்” என்றேன் மகளிடம்.

உள்ளே இருந்த விஷயம் வேறு. 2022 விதிகளில், பலதரப்பட்ட பின்னணியிலிருந்தும் அந்தந்தப் பள்ளி இருக்கும் சமூகத்திலிருந்தும் ஆட்களைப் பயிற்சிக்குக் கொண்டுவந்தால் முன்னுரிமை என்று எழுதியிருந்தார்கள். விண்ணப்பம் போட்டவர்கள் அப்படியே எழுதினார்கள். 2025 ஜனவரியில் ஆட்சி மாறியது. எதை எழுதியதால் மார்க் கிடைத்ததோ, அதுவே இப்போது குற்றம்!

புது ஆட்சி தன் கொள்கைப்படி விதி எழுதக்கூடாதா? தாராளமாக எழுதலாம். எழுதவும் செய்தார்கள். ஜூலையில் வரைவு, செப்டம்பரில் இறுதி விதி. அதன்படி பயிற்சியானாலும் வேலையானாலும் ஸ்கூல் சைக்காலஜிஸ்டுகளுக்கு மட்டும்தான். கவுன்சலரும் சோஷியல் ஒர்க்கரும் வெளியே. அரசியல் பிரசாரம், இனத்தை வைத்து முத்திரை குத்துவது இதற்கெல்லாம் பணம் செலவழிக்கக்கூடாது. அந்த விதியில் 27 கோடி டாலருக்குப் புதிதாக விண்ணப்பமும் கேட்டார்கள். என் மகள் படிப்பு சைக்காலஜி என்பதால் நியாயமாகப் பார்த்தால் நான் கைதட்ட வேண்டும். ஆனால் கவுன்சலர் படிப்பில் இருந்த அவளுடைய சிநேகிதி அன்றைக்கு எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஒரு தட்டு உப்புமாவைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் கைதட்ட முடியவில்லை.

புது விதி அடுத்த மானியத்துக்கு. நடுவழியில் இருப்பவர்களுக்கு? சைக்காலஜிஸ்ட் தயாராக மூன்று வருஷம். பணத்தின் ஆயுள் பன்னிரண்டு மாதம். பாதி தைத்த சட்டையை ரத்து செய்தால் துணியும் போச்சு, தையல் கூலியும் போச்சு. நம் ஊரில் மார்ச் 31 வந்தால் பாதியில் நிற்கும் பாலங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆள் விஷயத்திலும் அப்படி நிற்கும் என்று நினைத்ததில்லை.

பணம் 2025 டிசம்பர் 31 வரைக்கும்தான் என்றார்கள். அவளுடைய 1,200 மணி நேரமோ 2026 ஜூன் வரைக்கும் போகும்.

“பழைய கம்பெனியில கூப்பிடறாங்கப்பா.”

“போயேன்.”

“போனா, மேஜைக்கு அடியில யார் உட்காருவா?”

மாப்பிள்ளை நல்ல மனுஷர். “ஆறு மாசம் என் சம்பளத்துல ஓட்டலாம், கார் ஒண்ணு போதும்” என்றார். எல்லோருக்கும் அப்படி மாப்பிள்ளை வாய்ப்பதில்லை. அவள் வகுப்பில் இரண்டு பேர் செப்டம்பரில் திரும்பி வரவில்லை.

ஜூன் கடைசியில் வாஷிங்டன் முதலான 16 மாநிலங்கள் கேஸ் போட்டன. விசாரணை சியாட்டில் மத்திய நீதிமன்றத்தில். ஒரு நாள் டவுன்டவுன் போனபோது அந்தக் கட்டிடத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். பார்த்து என்ன செய்ய, ஒரு திருப்திதான். அக்டோபர் நடுவில் ஊர் திரும்பினோம். 27-ஆம் தேதி நீதிபதி கிம்பர்லி எவான்சன் இடைக்காலத் தடை கொடுத்தார். டிசம்பர் 19 அன்று இறுதித் தீர்ப்பு: அந்த நிறுத்தம் சட்டவிரோதம். விதிப்படி மறுபடி பரிசீலித்து முடிவு எடுக்க வேண்டும்.

அங்கே சாயங்காலம், இங்கே விடிகாலை ஐந்து மணிக்கு போன்.

“ஜெயிச்சாச்சுப்பா! ஆனா ‘புதுசா முடிவு எடு’ன்னுதான் சொல்லியிருக்காங்க. ‘பணம் கொடு’ன்னு இல்லை.”

“அப்போ திருப்பியும் ஃபைல் மேலே போகும், கீழே வரும். மூணு இடத்துல கையெழுத்து. தெரிஞ்ச கதைதான்” என்றேன். “எத்தனை மணி நேரம் முடிஞ்சிருக்கு?”

“ஐநூறு தாண்டியாச்சு.”

“மேஜைக்காரன்?”

“இப்ப எனக்கு வேற ஸ்கூல்ப்பா. போன வாரம் அந்த டீச்சரைப் பார்த்தேன். நாற்காலியில உட்கார்றானாம். ஷூ மட்டும் இன்னும் போட மாட்டேங்கறானாம்.”